மைக் அக்கா போட்ட ஒன்பது மார்க்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், இந்த வரியை இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன். நீயும் அங்கே உடம்பும் மனசுமாக நன்றாக இருக்க வேண்டும். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் தம்பி ஏன் போனில் பேச வரமாட்டேன் என்கிறான் என்று கேட்டாய். உன் அம்மா பரீட்சைக்குப் படிக்கிறான் என்றாள், அடுத்த மூச்சில் நான் தூங்குகிறான் என்றேன், ஒரே ஆள் இரண்டையும் எப்படிச் செய்கிறான் என்று நீ கேட்டதும் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவனே சொல்லலாம் என்று சொல்லும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது உன் அம்மாவின் உத்தரவு, அந்த "யாரிடமும்" என்பதில் நீயும் சேர்த்தி. நேற்றுச் சாயங்காலம் அவனாகவே வந்து, "அக்காவுக்கு எழுதுங்கப்பா, ஆனா கவரை ஒட்டறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை படிப்பேன்" என்றான். ஆகையால் இதில் எங்கேயாவது மையால் அடித்திருந்தால் அது அவன் கைவேலை. முடிவை முதலில் சொல்வது எங்கள் பத்திரிகைத் தொழில் பழக்கம், அதனால் சொல்லிவிடுகிறேன், அவனுக்கு அவசரமாக ஒரு ஆபரேஷன் நடந்தது, நல்லபடியாக முடிந்தது, இப்போது படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி உன் அம்மாவிடம் திட்டு வாங்கும் அளவுக்குத் தேறிவிட்டான். பதறாமல் மேலே படி.

வீட்டில் வேறு புதுச் சேதி இல்லை. குளியலறைக் குழாய் பழையபடி சொட்டுகிறது, குழாய்க்காரர் வந்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இது இப்படித்தான் சார் சொட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். மாடி வீட்டுத் தையல்காரம்மா உன் பழைய மேசையைக் கேட்டார், உன் அம்மா தரமாட்டேன் என்று சொல்லி, அதன் மேலேயே விடைத்தாள்களை அடுக்கிவிட்டாள், இனி அதை யாரும் அசைக்க முடியாது. நகரசபைக் கூட்டங்களுக்கு இன்னமும் என்னைத்தான் அனுப்புகிறார்கள், கொட்டாவி விடாமல் உட்கார வேறு ஆள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன், அதற்கு உன் அம்மாவின் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். நீ அங்கே போன பிறகு அவள் ஆரம்பித்தது, போனில் அரைகுறையாகக் கேட்டிருப்பாய். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பரீட்சையில் உடல்நலம் குன்றினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி. மொத்த வகுப்பும் ஒருவர் பாக்கியில்லாமல் "தகுந்த மருத்துவரை அணுக வேண்டும்" என்று எழுதி முழு மார்க் வாங்கிவிட்டது. மறுநாள் இவள் போய், சரி அணுகுங்க பார்ப்போம், எந்த டாக்டர், எங்கே இருக்கார், எந்தக் கதவு, உள்ளே போனா முதல்ல யார்கிட்ட என்ன சொல்லுவீங்க என்று கேட்டிருக்கிறாள். ஒரு பெண் மட்டும் எழுந்து, "அம்மாகிட்ட சொல்லுவேன் மிஸ்" என்றாள். அம்மாகிட்ட சொல்ல முடியாத விஷயமா இருந்தா என்று கேட்டதற்கு, "அப்ப யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மிஸ்" என்று உட்கார்ந்துவிட்டாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "நான் போன்ல தேடுவேன் மிஸ், தலைவலின்னு போட்டேன், மூளையில கட்டின்னு வந்துச்சு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், உன் அம்மா சிரிக்காமல், அதுக்கப்புறம் எவ்வளவு நாள் பயந்துகிட்டு இருந்தே என்று கேட்டாள். "இப்பவும் பயமாத்தான் மிஸ் இருக்கு" என்றானாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "முழு மார்க் போட்டுட்டேங்க, ஒண்ணுமே இல்லாத பதிலுக்கு முழு மார்க் போட்டுட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றாள். தேநீர் ஆறிப்போனது.

அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு பீரியட் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக வெளியே அனுப்பத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சந்து ஒன்றைத் தாண்டினால் இருக்கும் சுகாதார நிலையம், முக்குத் திரும்பும் இடத்து மருந்துக்கடை, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருக்கும் மன ஆலோசகர் அறை, இவை எல்லாம் பெயருக்கு எல்லோருக்கும் தெரிந்த இடங்கள். போய்ப் பார்த்தால்தான் தெரியும் சேதி. ஆலோசகர் அறைக்குப் போன இருவரும் திரும்பி வந்து, "உள்ளே ஆலோசகர் இல்லை மிஸ், கால்பந்து இருக்கு" என்றார்கள், வாரத்தில் ஒரு நாள் அந்த அம்மா வருவதும் அந்த நாளில் விளையாட்டு வாத்தியார் சாவியோடு மைதானத்தில் இருப்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. மருந்துக்கடைக்காரர், "மருந்து வாங்கணும்னு இல்லம்மா, சும்மா வந்து கேட்டாலும் சொல்லுவேன், இத்தனை வருஷமா ஒருத்தரும் கேக்கல" என்று சொல்லி அனுப்பினார். இலவச உதவி எண்ணுக்கு வகுப்பிலிருந்தே போன் போட்டு எல்லோரையும் கேட்கவைத்தாள், மறுமுனையில் பேசியவர், "சும்மா எப்படி இருக்கும்னு பார்க்கத்தான் கூப்பிட்டேன்னு சொன்னாலும் பரவாயில்லப்பா, பேசு" என்றாராம். பிள்ளைகள் இந்தப் பாடத்துக்குக் கதவுப் பாடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அறிவியல் என்றால் ஓடுகிறவர்கள்கூட கதவுப் பாடத்துக்கு வந்துவிடுவார்கள் என்று தலைமையாசிரியரே என்னிடம் சொன்னார், அப்போது அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

எல்லாக் கதவிலும் கடினமானது சுகாதார நிலையத்துக் கதவு. கதவில் குறையில்லை, அதற்குப் பின்னால் பதிவு மேசையில் இருக்கும் அம்மாளின் குரல்தான் காரணம். மைக் இல்லாமலேயே மைக் வைத்தது போலப் பேசுவார், அதனால் ஊருக்கே அவர் மைக் அக்கா. தங்கமான மனுஷி, வந்தவர்களின் பாட்டன் முப்பாட்டன்வரை ஞாபகம் வைத்திருப்பார், ஆனால் அடிவயிற்றில் வலி என்று ஒரு பெண்பிள்ளை காதோடு சொன்னால், "அடிவயிறா? எப்பலேர்ந்து? நாள் தள்ளிப் போச்சா?" என்று கூடத்தின் அந்தக் கோடிவரை கேட்கும்படி விசாரிப்பார். முதல் வாரம் போன பிள்ளைகள் அவர் இப்படிக் கேட்பதைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டார்கள். உன் அம்மா புகார் எழுதப் போகவில்லை. தன் முழங்கால் வலியை எடுத்துக்கொண்டு நேரே போனாள். "டீச்சருக்கு முழங்காலா, வேற எங்கேயாவதா?" என்று மைக் அக்கா கேட்டதும் கூடமே திரும்பிப் பார்த்தது, இவள் சிரித்துக்கொண்டே, அக்கா நீங்க ஒரு நாள் என் வகுப்புக்கு வரணும், பிள்ளைங்களுக்கு உங்களைப் பார்த்தாத்தான் பயம் தெளியும் என்றாள். அவரும் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தார். கரும்பலகைக்கு முன்னால் மேசை போட்டு உட்கார்ந்தார், பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், "எனக்கு டாக்டரைத் தனியாப் பார்க்கணும், காரணத்தை அவங்ககிட்ட சொல்றேன்." அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கக்கூடாது. வாயை மூடிக்கொண்டிருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்துப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. போகும்போது உன் அம்மாவிடம், "ஏன் டீச்சர், இத்தனை வருஷமா நான்தான் ஆளுங்களை விரட்டிக்கிட்டு இருந்தேனா?" என்று கேட்டாராம், அதுவும் மெதுவாக. அதோடு அவர் கட்சி மாறிவிட்டார். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைப் பக்கவாட்டுக் கதவு வழியாக வரச் சொன்னார், அவராகவே ஒரு வழக்கத்தையும் உண்டாக்கினார், யார் எப்படிச் சொன்னார்கள் என்று பத்துக்கு மார்க் போடுவது. முணுமுணுத்தால் நான்கு, தலையைக் குனிந்தால் ஆறு. பத்து யாருக்கும் போட்டதில்லை.

இந்தப் பாடத்தில் உன் தம்பிதான் மாதிரி நோயாளி. பத்தாம் வகுப்பில் இருக்கிறவனை ஒன்பதாம் வகுப்புக்கு இரவல் வாங்கிக்கொள்வாள். உனக்குத்தான் தெரியுமே, அவன் பிறவி நடிகன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டால் பார்க்கிறவர்களுக்கு வயிறு வலிக்கும். மைக் அக்கா அவனிடம் மட்டும், "இவனுக்கு மார்க் கிடையாது, இவன் தொழில்காரன்" என்பார். வாக்கியத்தோடு உன் அம்மா இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தாள், உடம்பின் எல்லா இடத்தையும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். காது, முழங்கை, மார்பு, கருப்பை, ஆண்பிள்ளைகளுக்கு இருக்கும் விரை, எல்லாம். முழங்கையை எப்படிச் சொல்கிறாயோ அப்படியே மற்றதையும் சொல். முதல் நாள் வகுப்பு சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தது, அடுத்த வாரம் பாதிச் சிரிப்பு, அதற்கடுத்த வாரம் கொட்டாவி. கொட்டாவி வந்த அன்று உன் அம்மா வெற்றி வெற்றி என்று வந்தாள். எங்கே வலி, எப்போதிலிருந்து, எவ்வளவு, இந்த மூன்றும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும் என்பாள்.

வினை அங்கேதான் வந்தது. டயர் கடைக்காரரின் மகள் அந்த வகுப்பில் படிக்கிறாள், ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டு மேசையில் பாடத்தை ஒப்பித்திருக்கிறாள். டயர் கடைக்காரர் மறுநாள் காலையிலேயே தலைமையாசிரியர் அறையில். "சார், என் மாமனாருக்கு எதிரே அந்த வார்த்தையைச் சொல்றா சார். பெரியவருக்குப் புரை ஏறி, முதுகுல தட்டி, தண்ணி குடுத்து, ஒரு வழி ஆயிட்டோம்." கெட்ட மனுஷர் இல்லை, மகளை ஒரு நாள்கூடத் தனியாக விடாமல் தானே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறவர், அவருக்கு நிஜமாகவே சங்கடம். அவரைப் பார்த்து இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். பெற்றோர் கூட்டம் கூட்டி முடிவு செய்கிறவரை கதவுப் பாடம் கிடையாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். உன் அம்மா சரி சார் என்று வந்துவிட்டாள், வீட்டில் பாத்திரம் மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கழுவப்பட்டது.

பாடம் நின்ற அந்த இடைவெளியில்தான் இது நடந்தது. நடந்ததை உன் தம்பி சொன்னது, மைக் அக்கா சொன்னது, சுகாதார நிலையத்து டாக்டரம்மா சொன்னது மூன்றையும் ஒத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். காலையில் முதல் பீரியடிலேயே அவனுக்கு ஒரு பக்கம் விரையில் சுரீரென்று வலி. விழவில்லை, அடிபடவில்லை, சும்மா உட்கார்ந்து வரலாறு கேட்டுக்கொண்டிருந்தான். வலி அடிவயிற்றுக்கு ஏறி வாந்தி வருகிற மாதிரி இருந்திருக்கிறது. அவன் அம்மா மாடியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள், ஆசிரியர் அறையில் அவளுடைய சிநேகிதிகள். அங்கே போக அவனுக்குக் கால் வரவில்லை, பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியவில்லை. எழுந்து கேட்டுக்குப் போனான். பாடத்தை நிறுத்தியது வாசல் காவலருக்குத் தெரியாது, "என்னப்பா, கதவா?" என்று கேட்டுத் திறந்துவிட்டார். சந்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறான். பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போய், மேசைக்கு முன்னால் நின்று, சொல்லிக்கொடுத்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான், "எனக்கு டாக்டரைத் தனியாப் பார்க்கணும், காரணத்தை அவங்ககிட்ட சொல்றேன்." மைக் அக்கா நிமிர்ந்து பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. "வாடா நடிகா! பாடத்தையே நிறுத்திட்டாங்களாம், நீ இன்னும் விடலையா? அடேயப்பா, வேர்வையெல்லாம் வரவழைச்சிருக்கியே! இன்னைக்கு உனக்கும் மார்க் போடறேன், பத்துக்கு ஒன்பது. ஓடு, வாத்தியார் தேடப்போறார்."

இந்த இடத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன் அம்மாடி. அவன் திரும்பிப் போயிருக்கலாம். பெரியவர்களில் பாதிப் பேர் போயிருப்போம், அந்தச் சிரிப்புக்கு எதிரே நிற்பது லேசில்லை. அவனும் இரண்டு எட்டு திரும்பி நடந்து, அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். [இங்கே ஒரு வரி மையால் அடிக்கப்பட்டிருக்கிறது.] ஒரு கதவு திறக்காட்டி, அது உன்னை வேண்டாம்னு சொல்லல, அதுக்குக் கேக்கலன்னு அர்த்தம், இன்னொரு தடவை வேற மாதிரி தட்டு என்று உன் அம்மா வகுப்பில் சொல்வாளாம். எழுந்து மறுபடி மேசைக்கு வந்தான். கூடத்தில் ஒரு வயசான தம்பதியும், குழந்தையோடு ஒரு பெண்ணும், கையில் கட்டுப் போட்ட ஒரு கொத்தனாரும் இருந்தார்கள். "அக்கா, இது பயிற்சி இல்ல. இடது பக்க விரை வலிக்குது. முதல் பீரியட்லேர்ந்து. நிக்க முடியல." முழங்கை வலிக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னான் என்றார் மைக் அக்கா. அவருக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை, உள்ளே இருந்த நோயாளியைக் கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்பிவிட்டு இவனை டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் விட்டார். கொத்தனார் எழுந்து அவர்களுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். விரை உள்ளுக்குள்ளே முறுக்கிக்கொள்ளும், ரத்தம் போகிற வழி அடைபட்டுவிடும், இந்த வயதுப் பையன்களுக்கு எந்தக் காரணமும் இல்லாமலே வரும், சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கை எடுக்காவிட்டால் அது செத்துப்போகும். வீட்டில் யாரைக் கூப்பிடட்டும் என்று அவனையே கேட்டிருக்கிறார், "அப்பாவை" என்றான். நான் நகரசபை வாசலில் நின்றுகொண்டிருந்தேன், வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு போய் அவனை ஏற்றிக்கொண்டேன், உன் அம்மாவுக்கு வழியில் போன் செய்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் தயாராக இருந்தார்கள், டாக்டரம்மா முன்பே பேசிவைத்திருந்தார். ஆபரேஷன் முடிந்து வந்த சர்ஜன் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு, காப்பாத்தியாச்சு, இன்னொரு பக்கமும் இப்படி ஆகாம இருக்க ரெண்டு பக்கமும் தையல் போட்டிருக்கோம் என்றார். பிறகு, "இந்த வயசுப் பசங்க வெட்கப்பட்டு வயித்து வலின்னு சொல்லுவாங்க, இல்ல ராத்திரிவரைக்கும் பொறுத்துக்குவாங்க, பாதி நேரம் எங்க கைக்கு வரும்போது எடுக்கத்தான் முடியும். உங்க பையன் நேரா இடத்தைச் சொல்லியிருக்கான். யார் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்ற உன் அம்மாவைக் காட்டினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சர்ஜன் போன பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் மாடியிலதானே இருந்தேன். என்கிட்ட வரலையே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்கிட்ட வர முடியலன்னா எங்க போகணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, இல்ல? அதுக்குத்தானே பாடம்" என்றாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள். அவனிடம் ஏன் வரவில்லை என்று அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. இவ்வளவு வருஷம் குடித்தனம் நடத்திய பிறகும் ஒரு மனுஷியைப் பார்த்துப் புதிதாக மரியாதை வருமா என்றால், வந்தது.

அடுத்த வாரமே பெற்றோர் கூட்டம். நான் அவளிடம் சொன்னேன், நம்ம பையன் கதையைச் சொல்லிடு, ஒரு நிமிஷத்துல எல்லாரும் வாயை மூடிக்குவாங்க என்று. "அது அவன் உடம்புங்க, என் கட்சிக்குச் சாட்சி இல்ல" என்றாள். பாடம் போனாலும் பரவாயில்லையா என்றேன். "தனியாப் பேசணும்னு சொல்ற பிள்ளையோட பேச்சைக் கூட்டத்துல போட்டு உடைச்சு அந்தப் பாடத்தைக் காப்பாத்தினா, அப்புறம் அதுல சொல்லிக்குடுக்க என்ன இருக்கு?" நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டத்தில் டயர் கடைக்காரர் முதலில் பேசினார், புரை ஏறிய கதையில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் பாதியில் சிரித்துவிட்டுத் திரும்ப முகத்தை இறுக்கிக்கொண்டார். உன் அம்மா அந்த முழு மார்க் பதிலைப் பற்றிச் சொன்னாள், மூளையில் கட்டி என்று பயந்துகொண்டிருந்த பையனைப் பேர் சொல்லாமல் சொன்னாள். பாதிப் பேர் தலையாட்டினார்கள், மற்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று கணிப்பதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு, தோற்றுப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து யாரோ எழுந்தார்கள், பார்த்தால் மைக் அக்கா. அவருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையும் இல்லை பேரனும் இல்லை, யாரும் அழைக்கவும் இல்லை. உன் அம்மா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஊரில் யாருக்குக் குளிர் ஜுரம் வந்தாலும் மூன்று தெருவுக்குச் சொல்கிறவர், என்ன சொல்லப்போகிறாரோ. அவர் சொன்னது இவ்வளவுதான். "ஒரு புள்ள வந்துச்சு. யார் வீட்டுப் புள்ளன்னு என்னைக் கேக்காதீங்க. டீச்சர் சொல்லிக்குடுத்த மாதிரியே சொல்லுச்சு, நான் விளையாட்டுன்னு நெனச்சுச் சிரிச்சு அனுப்பப் பார்த்தேன். அந்தப் புள்ள போகல. எங்க வலிக்குதுன்னு பேரைச் சொல்லுச்சு. அந்தப் பேரு தெரிஞ்சதாலதான் இன்னைக்கு நல்லா இருக்கு. தெரியாம வயித்து வலின்னு சொல்லியிருந்தா, நான் சோடா குடிச்சுட்டுப் படுன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." உட்கார்ந்துவிட்டார். பையனா பெண்ணா என்றுகூடக் காட்டிக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் தொழிலில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன், ஒருவர் சொல்லாமல் விட்டதற்காகக் கை தட்டத் தோன்றியது அன்றுதான்.

டயர் கடைக்காரர் எழுந்தார். "அந்தப் புள்ள நல்லா இருக்குல்ல?" என்று மைக் அக்காவைக் கேட்டார், இருக்கு என்றார். "அப்ப நடத்துங்க டீச்சர். சாப்பாட்டு நேரத்துல மட்டும் சொல்லாதீங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க, பெரியவருக்கு நிஜமாவே தொண்டை வீக்." முழு வெற்றி என்று எழுதமாட்டேன். பிள்ளைகளை வெளியே அனுப்ப வீட்டில் கையெழுத்து வாங்கியாக வேண்டும் என்று தலைமையாசிரியர் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார், வீட்டில் கையெழுத்து வாங்க முடியாத பிள்ளைக்குத்தான் இந்தப் பாடமே வேண்டும் என்று உன் அம்மா இன்னமும் புகைந்துகொண்டிருக்கிறாள், இன்னொரு கூட்டம் கேட்டிருக்கிறாள். மைக் அக்கா தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார், பயிற்சிக்கு வருகிறவர்கள் கழுத்தில் மஞ்சள் அட்டை மாட்டிக்கொண்டு வர வேண்டும், அட்டை இல்லாமல் யார் வந்து எதைச் சொன்னாலும் அது நிஜம். மார்க் போடுவதை அவர் விடவில்லை, அதை யாராலும் நிறுத்த முடியாது.

உன் தம்பி மறுபடி பாடத்துக்குப் போகிறான், ஆனால் நோயாளியாக நடிக்கமாட்டேன் என்றுவிட்டான். இப்போது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மைக் அக்காவாக நடிக்கிறான். போன வாரம் வகுப்பு ஜன்னல் பக்கம் ஒதுங்கி நின்று பார்த்தேன். ஒரு சின்னப் பெண் வந்து தலையைக் குனிந்துகொண்டு பாதி வாக்கியம்தான் சொன்னாள். அவன் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தேன். எழுந்து மேசையைச் சுற்றி வந்து, "சரி வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டான். அவ்வளவுதான் செய்தான். நீ இருந்து பார்த்திருக்க வேண்டும்.

இனி உன் கதை. வலது மணிக்கட்டு வலிக்கிறது என்று இரண்டு கடிதத்தில் எழுதினாய், மூன்றாவதில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை, வலி போய்விட்டதா, எழுதுவதை மட்டும் விட்டுவிட்டாயா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். உன் அம்மா உனக்கு வீட்டுப்பாடம் தந்திருக்கிறாள், உடம்பு நன்றாக இருக்கும்போதே உன் தெருவிலிருந்து புறப்பட்டு, முடியாமல் போனால் முதலில் போக வேண்டிய கதவுவரை ஒரு தடவை நடந்து போ, மேசையில் யார் இருக்கிறார், பேச்சு எப்படி, எல்லாம் எழுது. "தகுந்த மருத்துவரை அணுகுவேன்" என்று எழுதினால் சைபர்தான் போடுவாளாம். வேளைக்குச் சாப்பிடு, நனைந்த தலையோடு படுக்காதே. எந்த ஊரில் இருந்தாலும் உனக்குத் தட்ட ஒரு கதவும், தட்டினால் நீ சொல்வதை நிஜம் என்று எடுத்துக்கொள்ள ஒரு நல்ல மனுஷரும் இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் அதுதான். கடிதம் கிடைத்ததும் போன் செய், இந்த முறை அவன் பேசுவான்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா

அக்கா, படிச்சுட்டேன். ஒரே ஒரு வரிதான் அடிச்சேன், பெஞ்சுல உக்காந்து அழுதேன்னு அப்பா எழுதியிருந்தார். பொய் இல்ல, ஆனா வேணாம்னு தோணுச்சு, இப்ப நானே சொல்லிட்டேன். இன்னொண்ணு அப்பாவுக்கே தெரியாது. தையல் பிரிச்சுட்டு வர்ற வழியில மைக் அக்காவைப் பார்க்கப் போனேன், ஒன்பதைப் பத்தா மாத்திட்டாங்க. காதோட சொன்னாங்க.
தம்பி